உங்களுக்குத் தெரியுமா? டெல்லி பாதுஷாவும் நம் ஊர்ப் பசலியும்

* கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் நகல் வாங்கியிருக்கிறீர்களா? அதில் 'பசலி' என்று நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2025 ஜூலை முதல் தேதி தொடங்கியது பசலி 1435. எண்ணோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வந்துவிடும். இந்தக் கணக்கை ஆரம்பித்துவைத்தவர் அக்பர். ஹிஜ்ரி ஆண்டு நிலாவைப் பார்த்துப் போவது; சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் குறைவு. நெல்லும் கோதுமையும் சூரியனைப் பார்த்து விளைபவை. ஹிஜ்ரிப்படி வரி கேட்டுக்கொண்டே போனால், முப்பத்து மூன்று அறுவடைக்கு முப்பத்து நான்கு வரி என்றாகிவிடும். அதனால்தான் விளைச்சலை ஒட்டி ஓர் ஆண்டு. 'ஃபஸ்ல்' என்றால் விளைச்சல், பருவம். தக்காணத்துக்கு இது ஷாஜஹான் காலத்தில் வந்தது. டெல்லியில் பாதுஷா இல்லாமல் போய் 160 ஆண்டுகளுக்கு மேலாகிறது. பசலி மட்டும் தாலுகா ஆபீசில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

* பேரரசைப் பற்றிப் பேச வந்தவன் வருவாய்த் துறையில் ஆரம்பிக்கிறானே என்று நினைப்பீர்கள். முகலாயர் என்றால் பள்ளிப் புத்தகத்தில் வாள் வரும், யானை வரும், தாஜ்மகால் வரும். பாதுஷா முஸ்லிம், குடிமக்களில் பெரும்பாலோர் இந்துக்கள். இந்த ஏற்பாடு எப்படி ஓடியது, எங்கே அச்சு முறிந்தது என்று தேடிப் போனால் போர்க்களத்தைவிடக் கணக்கறையில்தான் அதிகம் பிடிபடுகிறது. கோயில் இடித்த கதையும் இதில் உண்டு; அதை விழுங்கிவிட்டு எழுத முடியாது. அது வருகிற இடத்தில் வரும்.

* 'முகலாயர்' என்று கூப்பிட்டால் பாபருக்குக் கோபம் வந்திருக்கும். 'மங்கோலியர்' என்பதன் பாரசீகத் திரிபு அது. தாய்வழியில் செங்கிஸ்கான் வம்சம்தான் என்றாலும், தந்தைவழித் தைமூரின் வாரிசு என்று சொல்லிக்கொள்வதில்தான் அவருக்குப் பெருமை.

* அந்தப் பாபருக்கு இந்தியா பிடிக்கவில்லை. 1526இல் பானிபட்டில் இப்ராகிம் லோடியை வென்று டெல்லியைப் பிடித்தவர், துருக்கி மொழியில் எழுதிய தன் நினைவுக் குறிப்பில் ஒரு குறைப் பட்டியலே போட்டிருக்கிறார். நல்ல திராட்சை இல்லை, முலாம்பழம் இல்லை, பனிக்கட்டி இல்லை, நல்ல குதிரை இல்லை, வெந்நீர்க் குளியலறை இல்லை. பிடித்தவையும் உண்டு: தங்கமும் வெள்ளியும், எந்த வேலைக்கும் கிடைக்கும் எண்ணற்ற கைவினைஞர்கள், மழைக்காலத்துக் காற்று. நான்கே ஆண்டு ஆண்டுவிட்டு 1530இல் ஆக்ராவில் இறந்தார். உடல் பின்னால் காபூலுக்குப் போனது. அங்கேதான் முலாம்பழம் கிடைக்கும்.

* அக்பர் பிறந்தது எந்த அரண்மனையிலும் இல்லை. ஆப்கானியர் ஷெர்ஷாவிடம் தோற்று நாட்டை இழந்த அவர் தந்தை, பாபரின் மகன் ஹுமாயூன், கர்ப்பிணி மனைவியோடு பாலைவனத்தில் அலைந்துகொண்டிருந்தார். அடைக்கலம் கொடுத்தவர் சிந்துவிலுள்ள உமர்கோட்டின் ராஜபுத்திரத் தலைவர். 1542இல் அந்த இந்து ராணாவின் கோட்டையில்தான் குழந்தை பிறந்தது.

* 'ரூபாய்' முகலாயர் கொடுத்ததா? இல்லை. அவர்களை விரட்டிய ஷெர்ஷா கொடுத்தது. முகலாயர்கள் திரும்பி வந்ததும் எதிரியின் நாணயத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். புத்திசாலிகள்.

* 1556 அக்டோபரில் டெல்லியைப் பிடித்து 'விக்கிரமாதித்யன்' என்று பட்டம் சூடிக்கொண்டவர் ஹேமு. ரேவாரியைச் சேர்ந்த வணிகக் குடும்பத்துக்காரர். இது இந்து எழுச்சி என்று எழுதுவோர் இருக்கிறார்கள். ஆனால் அவர் ஷெர்ஷாவின் சூர் வம்சத்து ஆப்கானிய அரசரின் தளபதியாக உயர்ந்தவர். அவருக்குக் கீழே நின்று அக்பரின் படையோடு மோதியவர்களில் ஏராளமானோர் ஆப்கானியர்கள். நவம்பர் 5 அன்று இரண்டாம் பானிபட்டில் கண்ணில் அம்பு பாய்ந்து ஹேமு சாய்ந்தார். எதிரணியில் பாதுஷாவாக இருந்த அக்பருக்கு அப்போது பதினான்கு வயதுதான்.

* இருபது ஆண்டு கழித்து ஹல்திகாட்டி. 1576. ராணா பிரதாப்புக்கு எதிராக அக்பரின் படையை நடத்தி வந்தவர் ஆம்பர் ராஜபுத்திரர் மான்சிங். ராணாவின் படையில் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் ஹக்கீம்கான் சூர் என்ற ஆப்கானியர். மதத்தை வைத்துக் கட்சி பிரித்துப் பார்க்க நினைப்பவருக்குத் தலை சுற்றும்.

* அக்பரின் ராஜபுத்திர மனைவி பெயர் ஜோதா பாய் அல்ல. ஆம்பரின் ராஜா பார்மலின் மகள், 1562இல் திருமணம். அரண்மனையில் அவருக்குக் கொடுத்த பட்டம் மரியம்-உஸ்-ஸமானி. அடுத்த பாதுஷா ஜஹாங்கீரின் தாய். அக்காலப் பதிவுகளில் 'ஜோதா' என்ற பெயரே கிடையாது. சினிமா எடுத்தவர்களுக்கு மட்டும் கிடைத்திருக்கிறது.

* திருமணத்துக்கு அடுத்த ஆண்டு, 1563இல், இந்து யாத்திரிகர் மீதான வரி ரத்து. 1564இல் முஸ்லிம் அல்லாதார் மீதான ஜிஸ்யா வரி ரத்து. அப்போது அக்பருக்கு இருபத்திரண்டு வயதுகூட நிரம்பவில்லை. எல்லா மதமும் பேசிய இபாதத் கானா விவாதங்கள் 1575க்குப் பிறகுதான் தொடங்கின. அதாவது தத்துவ விசாரத்துக்குப் பதினோரு ஆண்டு முன்பே வரி போய்விட்டது. கூட இருந்து போரிட வந்த ராஜபுத்திரர்களை வைத்துக்கொண்டு அந்த வரியைக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

* இனி தோடர்மால். பீர்பாலைத் தெரிந்த அளவுக்கு இவரைத் தமிழர்களுக்குத் தெரியாது. தெரியவேண்டியவர் இவர்தான். கத்ரி குலத்தில் பிறந்து, ஷெர்ஷாவிடம் வேலை பார்த்து (பஞ்சாபின் ரோத்தாஸ் கோட்டையைக் கட்டும் பொறுப்பு இவருடையது), பிறகு அக்பரிடம் வந்தார். அதுவரை நிலத்தைக் கயிற்றால் அளந்தார்கள். சணல் கயிறு ஈரத்தில் சுருங்கும், வெயிலில் நீளும். அளப்பவன் மனசைப் பொறுத்தும் நீளும், சுருங்கும். அதற்குப் பதிலாக மூங்கில் கழிகளை இரும்பு வளையத்தால் கோத்த அளவுகோல் வந்தது. 1580இல் பத்தாண்டு விளைச்சல், பத்தாண்டு விலை இரண்டையும் எடுத்துச் சராசரி போட்டு, ஊருக்கு ஊர், பயிருக்குப் பயிர் பணமாக வரி நிர்ணயித்தார்கள். விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு அரசுக்கு என்பது அடிப்படைக் கணக்கு. விவசாயிக்கு அது லேசான சுமையல்ல. ஆனால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்தது.

* அளந்து வரி போடும் அந்த முறைக்குப் பெயர் 'ஜப்த்'. வீட்டு வாசலில் அமீனா வந்து நிற்கிறாரே, அந்த 'ஜப்தி' இதே சொல்தான்.

* சொல் என்றதும் இன்னும் சில: தாசில்தார், ஜில்லா, தாலுகா, ஜமாபந்தி, வசூல், பாக்கி, கஜானா, ரசீது, அசல், நகல், ஜாமீன், வக்கீல், ராஜினாமா, ரத்து, சிப்பாய். எல்லாமே டெல்லியிலிருந்து நேராக வந்திறங்கியவை என்று சொல்ல முடியாது. பீஜப்பூர்க்காரர்கள், மராட்டியர்கள், ஆர்க்காட்டு நவாபுகள், கடைசியில் வெள்ளைக்காரர்கள் என்று பல கை மாறி வந்தன. அத்தனை பேரும் வைத்திருந்தது ஒரே மாதிரிப் பேரேடு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

* அரசுக் கணக்கெல்லாம் பாரசீகத்தில்தான் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டவரும் தோடர்மால்தான். பாரசீகம் படித்தவனுக்குத்தான் வேலை என்றானதும் காயஸ்தர், கத்ரி வீட்டுப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் படித்தார்கள். ஐம்பது ஆண்டுக்குள் கணக்கறை அவர்கள் கையில். ஷாஜஹானின் அரண்மனை முன்ஷிகளில் (எழுத்தர்களில்) பேர் பெற்றவர் சந்தர்பான், பாரசீகக் கவிஞர். அவர் கவிதைக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் 'பிரஹ்மன்'. முகலாய அவையில், பாரசீகக் கவிதையில், பிராமணன் என்றே கையெழுத்து!

* பீர்பாலின் இயற்பெயர் மகேஷ் தாஸ். நாம் சிரிக்கும் கதைகளில் பெரும்பாலானவை பிற்காலத்தில் ஒட்டியவை. நம் தெனாலிராமனுக்கு ஆனதைப் போல. உண்மையான பீர்பால் 1586இல் வடமேற்கு மலைகளில் யூசுப்சாய் ஆப்கானியர்களோடு நடந்த போரில், ஆயிரக்கணக்கான வீரர்களோடு மடிந்தார்.

* குருவாயூரில் துலாபாரம் பார்த்திருப்பீர்கள். ஆக்ராவிலும் நடந்தது. சூரியக் கணக்கில் ஒரு பிறந்தநாள், சந்திரக் கணக்கில் ஒரு பிறந்தநாள் என்று ஆண்டுக்கு இரண்டு முறை அக்பர் தராசில் உட்காருவார். எதிர்த்தட்டில் தங்கம், வெள்ளி, தானியம். எல்லாம் தானம். ஜஹாங்கீரும் ஷாஜஹானும் தொடர்ந்தார்கள்.

* காலையில் மாடத்தில் நின்று பாதுஷா முகம் காட்டுவதற்குப் பெயர் 'தர்ஷன்'. அந்த முகத்தைப் பார்க்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத கூட்டம் ஒன்று இருந்தது. 1668 வாக்கில் ஔரங்கசீப் இதை நிறுத்தினார்.

* அக்பர் குடித்தது கங்கைத் தண்ணீர். பயணத்திலும் முத்திரை வைத்த குடங்களில் பின்னாலேயே வரும். வெடியுப்பு கொண்டு குளிரவைப்பார்கள்.

* அவர் சமையலறைக் குறிப்புகளில் மிளகாய் கிடையாது. உருளைக்கிழங்கு கிடையாது, தக்காளி கிடையாது. அவருடைய அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரியில் உள்ள பதார்த்தங்களின் காரமெல்லாம் மிளகிலும் இஞ்சியிலும். 'முகலாய் சிக்கன்' என்று சிவப்பாக ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறார்களே, அது வேறு விஷயம்.

* எழுதப் படிக்கத் தெரியாதவராகவே அறியப்பட்ட அக்பர், 1580களில் மகாபாரதத்தைப் பாரசீகத்தில் மொழிபெயர்க்கவைத்தார். பெயர் ரஸ்ம்நாமா, போர்களின் நூல். பண்டிதர்கள் பொருள் சொல்லச் சொல்ல, பாரசீகம் அறிந்தவர்கள் எழுதினார்கள். ராமாயணத்தை எழுதும் வேலை பதாயூனி தலையில் விழுந்தது. அவரோ அக்பரின் மதப் போக்கு பிடிக்காத மௌல்வி. அந்த வேலையைப் புலம்பிக்கொண்டே நான்கு ஆண்டு செய்து முடித்தார்.

* ஜஹாங்கீரின் தாய் ராஜபுத்திரப் பெண். ஜஹாங்கீர் மணந்து, ஷாஜஹானைப் பெற்றவரும் மார்வார் ராஜபுத்திர இளவரசி. பரம்பரைக் கணக்குப் போட்டால் 'மொகலாயச் சக்கரவர்த்தி' ஷாஜஹான் முக்கால் பங்கு ராஜபுத்திரர்.

* தாஜ்மகால் நிற்கும் இடம் ஆம்பர் ராஜா ஜெய்சிங்குக்குச் சொந்தமாக இருந்தது. சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. பதிலுக்கு ஆக்ராவில் நான்கு மாளிகைகள் அவருக்குக் கொடுக்கப்பட்டன. 1633ஆம் ஆண்டின் அரசாணை இன்றும் இருக்கிறது.

* ஜெர்மானியத் தத்துவஞானி ஷோபன்ஹவர் உபநிடதங்களில் மூழ்கியது சமஸ்கிருதம் படித்தல்ல. ஷாஜஹானின் மூத்த மகன் தாரா ஷிகோ 1657இல் காசிப் பண்டிதர்களை வைத்து ஐம்பது உபநிடதங்களைப் பாரசீகத்தில் ஆக்கினார். அதை ஒரு பிரெஞ்சுக்காரர் லத்தீனில் ஆக்கி 1801-02இல் அச்சிட்டார். அந்த லத்தீன்தான் ஜெர்மனிக்குப் போனது. நூல் முடிந்த இரண்டே ஆண்டில், 1659இல், தம்பி ஔரங்கசீப்பின் ஆணையால் தாரா கொல்லப்பட்டிருந்தார்.

* 'தாரா வென்றிருந்தால்…' என்று பெருமூச்சு விடுவோர் உண்டு. ஒரு சங்கதி: வாரிசுப் போரில் ராஜபுத்திரர்கள் எல்லோரும் தாரா பக்கம் நிற்கவில்லை. தர்மத் என்ற ஊரில் நடந்த போரில் ஔரங்கசீப்பை எதிர்த்தவர் மார்வாரின் ஜஸ்வந்த் சிங். ஆம்பரின் ஜெய்சிங்கோ காற்று திரும்பியதும் ஔரங்கசீப் பக்கம் போனார். 1665இல் சிவாஜியைப் புரந்தரில் பணியவைத்த முகலாயத் தளபதியும் இதே ஜெய்சிங்தான்.

* ஔரங்கசீப் ஆட்சியில் 1669இல் காசி விஸ்வநாதர் கோயிலும், 1670இல் மதுரா கேசவராய் கோயிலும் இடிக்கப்பட்டன. முன்னது அக்பர் காலத்தில் எழுந்தது. 1679இல் ஜிஸ்யா திரும்ப வந்தது, 115 ஆண்டுக்குப் பிறகு. டெல்லியில் முறையிட வந்து வழிமறித்த கூட்டத்தின் மீது யானைகளை ஓட்டிய கதையை வரலாற்றாசிரியர் காஃபிகான் எழுதிவைத்திருக்கிறார். அதே ஆண்டு, ஜஸ்வந்த் சிங்கின் வாரிசு விஷயத்தில் மார்வாரோடு போர். நூறாண்டுக்கு மேலாக வலக்கையாக இருந்தவர்களோடு பகை.

* மறுபக்கம்: அதே ஔரங்கசீப் சில கோயில்களுக்கும் மடங்களுக்கும் மானியம் கொடுத்த ஆணைகள் இருக்கின்றன. ஆட்சியின் தொடக்கத்தில் அவருடைய நிதி நிர்வாகத்தைப் பார்த்தவர் ராஜா ரகுநாத ராய். வரலாற்றாசிரியர் அத்தர் அலி போட்ட கணக்குப்படி, ஆயிரமும் அதற்கு மேலும் மன்சப் பெற்ற பெரிய பதவிக்காரர்களில் இந்துக்கள் 1658-78இல் சுமார் 22 சதவீதம். 1679-1707இல் சுமார் 32 சதவீதம். ஜிஸ்யா வந்த பிறகு இந்து அதிகாரிகள் கூடியிருக்கிறார்கள். கூடியவர்களில் பலர் மராட்டியர்கள். பாசத்தில் அல்ல, தெற்கில் போர் முடியாததால், எதிரியைப் பதவி கொடுத்து வாங்கிப் பார்த்தார்.

* மன்சப் என்றால் பதவிப் படி. சம்பளத்துக்குப் பதிலாக ஒரு பகுதியின் வரியை வசூலித்துக்கொள்ளும் உரிமை கொடுப்பார்கள், அதுதான் ஜாகீர். நிலம் அவருக்குச் சொந்தமில்லை. மூன்று, நான்கு ஆண்டில் வேறிடத்துக்கு மாற்றல். வேரூன்றிவிடக் கூடாது என்ற முன்யோசனை. ஆனால் 'எப்படியும் அடுத்த வருஷம் இங்கே இருக்கப்போவதில்லை' என்பவனுக்கு ஏரியைத் தூர்வார என்ன அக்கறை? பிழிந்தெடுத்துக்கொண்டு போனான்.

* இதை அந்தக் காலத்திலேயே எழுதிவைத்தவர் பீம்சேன் என்ற காயஸ்தர். புந்தேல ராஜபுத்திரர் தல்பத் ராவிடம் கணக்கராக இருந்து, முகலாயப் படையோடு தெற்கே வந்தவர். நுஸ்கா-இ-தில்குஷா என்ற அவருடைய பாரசீகக் குறிப்பு நூல், பேரரசு உள்ளே இற்றுப்போவதைப் பாளையத்துக்குள்ளிருந்தே பார்த்துச் சொல்கிறது. பாதுஷாவின் சரித்திரக்காரர்கள் சொல்லாததையெல்லாம் சொல்லியிருக்கிறார்.

* அந்தப் படை வந்த இடம் எது தெரியுமா? நம் செஞ்சி. 1677இல் சிவாஜி பீஜப்பூரிடமிருந்து பிடித்துப் பலப்படுத்திய கோட்டை. 1689இல் சிவாஜியின் மகன் சம்பாஜி கொல்லப்பட்டதும் தம்பி ராஜாராம் மகாராஷ்டிரத்திலிருந்து தப்பி இங்கே வந்து சேர்ந்தார். மராட்டிய ராஜ்யத்தின் தலைநகர் விழுப்புரம் பக்கத்துக்கு வந்துவிட்டது! 1690இல் முகலாயத் தளபதி சுல்பிகர்கான் முற்றுகை போட்டார். அங்கே ராஜகிரி மலை ஏறியவர்களுக்குத் தெரியும், வெறுங்கையோடு ஏறினாலே மூச்சு வாங்கும். மூன்று மலை, அவற்றைச் சுற்றி மதில். முற்றுகையிட்டவர்களை வெளியிலிருந்து மராட்டியக் குதிரைப்படை முற்றுகையிட்டது. தானியம் வரவில்லை. கூடவே வந்த பாதுஷாவின் மகன் காம் பக்ஷ், ராஜாராமோடு ரகசியமாகப் பேசுகிறார் என்று சொல்லி, சொந்தத் தளபதிகளே இளவரசரைச் சிறைவைத்தார்கள். படை வந்தவாசிக்குப் பின்வாங்கியது, மறுபடி வந்தது. கோட்டை 1698இல்தான் விழுந்தது. அதற்குள் ராஜாராம் நழுவிவிட்டிருந்தார். எட்டு ஆண்டுச் செலவுக்குக் கிடைத்தது காலிக் கோட்டையும், 'நுஸ்ரத்கட்' என்ற புதுப் பெயரும்தான். அந்தப் பெயரும் நிலைக்கவில்லை.

* 1702இல் முகலாயத் தளபதி தாவூத்கான் பன்னி சென்னைக் கோட்டையை வழிமறித்தார். தாமஸ் பிட் கவர்னர். சில மாத இழுபறிக்குப் பிறகு பணம் கை மாறியது, படை விலகியது. அதே தாவூத்கான் 1708இல் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஐந்து கிராமங்களைக் கொடுத்தார்: திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தாங்காடு. இன்று நுங்கம்பாக்கத்தில் ஒரு கிரவுண்டு விலை கேட்டுப் பாருங்கள்.

* தேசிங்கு ராஜன் கதையைத் தெருக்கூத்தில் பார்த்துக் கண் கலங்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது. தேசிங்கு என்ற தேஜ்சிங் ஒரு புந்தேல ராஜபுத்திரர். தந்தை சரூப்சிங் செஞ்சிக் கோட்டையை ஔரங்கசீப்பிடமிருந்தே பெற்றவர். 1714இல் தந்தை இறந்ததும் ஆர்க்காட்டு நவாப் சதத்துல்லாகான் படையெடுத்து வந்தது கட்ட வேண்டிய கப்பப் பாக்கிக்காக. இங்கேயும் பாக்கிதான். கதையில் தேசிங்குக்காகக் கல்யாண மேடையிலிருந்து எழுந்து வந்து உயிர் விடும் நண்பன் மோவுத்துக்கான் ஒரு முஸ்லிம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

* ஔரங்கசீப் 1681இல் தெற்கே புறப்பட்டவர் டெல்லிக்குத் திரும்பவே இல்லை. பீஜப்பூர் 1686இல் விழுந்தது, கோல்கொண்டா 1687இல். இரண்டும் முஸ்லிம் அரசுகள். வரைபடத்தில் பேரரசு இவ்வளவு பெரிதாக முன்பு இருந்ததில்லை. கஜானா இவ்வளவு மெலிந்ததும் இல்லை. இருபத்தாறு ஆண்டுக் கூடார வாழ்க்கைக்குப் பிறகு 1707இல் அகமதுநகர் அருகே இறந்தார். குல்தாபாதில் கூரையில்லாத சாதாரண மண் சமாதி. தாஜ்மகால் கட்டியவரின் மகன்.

* சேர்த்த பதவிக்காரர்களுக்குக் கொடுக்க ஜாகீர் இல்லை. அந்தக் காலக் கேலி ஒன்று: மீசை முளைக்காத பையனாக ஜாகீர் உத்தரவு வாங்கியவன், நிலம் கைக்கு வரும்போது தாடி நரைத்த கிழவனாகியிருப்பான். நம் ஊரில் பட்டா மாறுதலுக்கு அலைந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

* 1719ஆம் ஆண்டு ஒன்றிலேயே டெல்லி சிம்மாசனம் நான்கு பேரைப் பார்த்தது. ஃபரூக்சியர், ரஃபி-உத்-தராஜத், இரண்டாம் ஷாஜஹான், முகமது ஷா.

* அந்த ஃபரூக்சியர் மார்வார் அஜித்சிங்கின் மகளை மணக்க நிச்சயமாகியிருந்தபோது நோயில் படுத்தார். குணப்படுத்தியவர் ஆங்கிலக் கம்பெனித் தூதுக்குழுவில் வந்த வைத்தியர் வில்லியம் ஹாமில்டன். 1715இல் திருமணம் நடந்தது. 1717இல், ஆண்டுக்கு 3,000 ரூபாய் மட்டும் கட்டி வங்காளத்தில் சுங்கமில்லாமல் வியாபாரம் செய்யும் உரிமை கம்பெனிக்குக் கிடைத்தது. 1719இல் ஃபரூக்சியரைக் கவிழ்த்தவர்களோடு மாமனார் அஜித்சிங்கும் இருந்தார். விதவையான மகளை ஜோத்பூருக்கே அழைத்துப்போய்விட்டார்.

* ஜிஸ்யா? 1713இல் ரத்து, 1717இல் மறுபடி, 1719இல் மறுபடி ரத்து, 1720க்குப் பிறகு தலை தூக்கவில்லை. வசூலிக்க ஆளும் இல்லை.

* 1739இல் பாரசீகத்து நாதிர்ஷா டெல்லிக்குள் புகுந்தார். மார்ச் 22 அன்று நடந்த படுகொலையில் இந்து, முஸ்லிம் என்ற பாகுபாடு இல்லை. மயிலாசனமும் கோகினூர் வைரமும் போயின. கொள்ளை எவ்வளவு என்றால், தன் நாட்டு மக்களுக்கு நாதிர்ஷா மூன்று ஆண்டு வரி தள்ளுபடி அறிவித்தார்.

* வங்காளத்தில் வரி வசூலை இறுக்கிப்பிடித்த முர்ஷித் குலிகான், பிராமணக் குடும்பத்தில் பிறந்து சிறுவயதில் விற்கப்பட்டு முஸ்லிமாக வளர்ந்தவர் என்பது வழங்கிவரும் செய்தி. வரிப்பணத்தை டெல்லிக்கு அனுப்ப அவர் நம்பியது ஜகத் சேட் என்ற சமண வட்டிக்கடைக் குடும்பத்தை. அந்தக் குடும்பம்தான் 1757இல் பிளாசிச் சதியில் கிளைவோடு சேர்ந்தது. நவாபை விற்றவர் மீர் ஜாபர் என்று மட்டும் படித்திருப்போம். பண மூட்டையை அவிழ்த்தவர்களைப் பாடப்புத்தகம் அவ்வளவாகச் சொல்வதில்லை.

* 1765 ஆகஸ்ட் 12 அன்று இரண்டாம் ஷா ஆலம் வங்காளத்தின் திவானி உரிமையைக் கம்பெனிக்குக் கொடுத்தார். ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய் தருவதாகப் பேச்சு. சட்டப்படி பார்த்தால், இந்தியாவில் வெள்ளையன் ஏறிய முதல் பெரிய நாற்காலி முகலாய வரி வசூல் அதிகாரியின் நாற்காலி. தோடர்மால் உட்கார்ந்திருந்த ரகம்.

* 1788இல் அந்த ஷா ஆலமின் கண்களைப் பிடுங்கியவர் குலாம் காதிர் என்ற ரோகில்லா ஆப்கானியர். அவரைப் பிடித்துத் தண்டித்துக் குருட்டுப் பாதுஷாவை மறுபடி அரியணையில் உட்காரவைத்தவர் மகாத்ஜி சிந்தியா, மராட்டியர். ஔரங்கசீப் அழிக்க நினைத்தவர்களின் கொள்ளுப்பேரன் தலைமுறை, அவர் வாரிசுக்குக் காவல்.

* சென்னை நாணயச் சாலையில் கம்பெனி அடித்த ஆர்க்காட்டு ரூபாயில் இரண்டாம் ஆலம்கீர் என்ற முகலாயரின் பெயர் இருக்கும். அவர் 1759இல் கொலையானவர். செத்து அறுபது, எழுபது ஆண்டு கழித்தும் அவர் பெயரிலேயே காசு அடித்தார்கள். கடைத்தெருவில் அந்தப் பெயர் செல்லுபடியானதுதான் காரணம். 1835இல்தான் இங்கிலாந்து அரசர் முகம் வந்தது.

* 1857 மே 11. மீரட்டிலிருந்து இரவெல்லாம் வந்த சிப்பாய்கள் டெல்லியில் நுழைந்து எண்பது வயது கடந்த பகதூர் ஷாவைப் பாதுஷாவாக அறிவித்தார்கள். வங்காளப் படையின் அந்தச் சிப்பாய்களில் பெரும்பாலோர் உயர்சாதி இந்துக்கள். பாதுஷாவோ செங்கோட்டைக்கு வெளியே அதிகாரமில்லாத கவிஞர். தாய் ஒரு இந்துப் பெண். அந்த ஆண்டு பக்ரீதுக்குப் பசு வதை கூடாது என்று உத்தரவு போட்டார். நகர மதிலுக்கு வெளியே ஆங்கிலப் படை நின்றிருந்த நேரம் அது. உள்ளே சண்டை மூளாதா என்று காத்திருந்தது. மூளவில்லை.

* விசாரணைக்குப் பிறகு அவரை ரங்கூனுக்கு நாடுகடத்தினார்கள். 1862 நவம்பர் 7 அன்று பகதூர் ஷா இறந்தார். அன்றே புதைத்து, மேலே புல் வளர்த்து, இடமே தெரியாதபடி செய்தார்கள். 1943இல் நேதாஜி அங்கே போய் மரியாதை செலுத்தினார். அப்போதும் சமாதி இருக்கும் சரியான இடம் தெரியாது. 1991இல் வடிகால் தோண்டியபோதுதான் செங்கல் பாவிய அந்தக் குழி அகப்பட்டது. எல்லோரும் பூப்போட்டு வணங்கிவந்த இடத்திலிருந்து சில அடி தள்ளி இருந்தது.